கொண்டுசேர்க்கும் பணியும் அதன் அளவுகோலும்

நெல்லைப் புசலால் அளந்தார்கள். அரிசியைக் கொத்தால் அளந்தார்கள். துணியை முழத்தால் அளந்தார்கள். வெங்காயத்தை அந்தர்க் கணக்கில் நிறுத்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கேற்ற அளவை ஒன்றுண்டு என்பதை முன்னோர் ஐயமற அறிந்திருந்தனர். புசலைத் தூக்கிக்கொண்டு துணியை அளக்கப் புகுந்தவனைக் கண்டால் ஊர் முழுவதும் நகைத்திருக்கும். ஆனால் வர்த்தக உலகிலே அத்தகைய நகைப்புக்கிடமான அளத்தல் இன்றும் நாள்தோறும் நிகழ்கின்றது, நகைப்பார்தாம் இல்லை. ஏனெனில், அங்கே அளவை பிழைத்துவிட்டதென்பது உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பொருள் அழுகிய பின்னர், பணம் முடங்கிய பின்னர், வாடிக்கையாளர் வேறு கடையை நாடிச் சென்ற பின்னரே அது தெரியவருகின்றது.

ஒரு பொருள் விளைந்த இடத்திலிருந்து, அல்லது செய்யப்பட்ட இடத்திலிருந்து, அதனை வேண்டுவோர் கையை அடையும் வரையில் எத்தனையோ பேர் அதனைத் தாங்குகின்றனர். பொதி கட்டுவோர், ஏற்றுவோர், லொறி செலுத்துவோர், களஞ்சியங் காப்போர், பற்றுச்சீட்டு எழுதுவோர், சுங்கத்தில் ஆவணங்களைச் சமர்ப்பிப்போர் எனப் பலர் சேர்ந்து ஆற்றும் இந்தப் பணியையே ஆங்கிலத்தில் லொஜிஸ்டிக்ஸ் என்கின்றனர். தமிழில் அதனைக் கொண்டுசேர்க்கும் பணி என்று சொன்னால் எவர்க்கும் விளங்கும். இப்பணி நன்றாக நடைபெறுகின்றதா, இல்லையா என்பதை எதனைக் கொண்டு அறிவது? இவ்வினாவுக்கு விடை காண்பது கணக்காளர்களுக்கு மட்டுமே உரிய கருமமென எண்ணுதல் தவறு. தோட்டத்துக் கமக்காரரின் வருமானமும், சந்தையிலே மரக்கறி வாங்கும் இல்லத்தரசியின் செலவும் இவ்விடையிலேயே தங்கியிருக்கின்றன.

முதலிலே நினைவிற் கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. மனிதர் எதனைக் கொண்டு அளக்கப்படுகின்றனரோ, அதனையே செய்வர். பரீட்சைக்கு வரும் பாடத்தையே மாணவன் படிக்கின்றான். வராத பாடத்தை எத்துணைச் சிறந்ததாயினும் ஒதுக்கிவிடுகின்றான். தொழிலகத்து ஊழியரும் இவ்வியல்புக்கு விலக்கானவர் அல்லர். ஆகவே, அளவுகோலைத் தெரிந்தெடுப்பவர் வெறும் கணக்கொன்றை எழுதவில்லை. நூற்றுக்கணக்கான மனிதர் நாளைக் காலையிலே எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்பதையே அவர் தீர்மானிக்கின்றார்.

சோவியத் நாட்டின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. அங்கே பொருட்போக்குவரத்துத் தாபனங்களின் திட்டம் தொன்-கிலோமீற்றர் என்னும் அளவையால் வகுக்கப்பட்டது. ஒரு தொன் பாரத்தை ஒரு கிலோமீற்றர் தூரம் கொண்டுசென்றால் அது ஒரு தொன்-கிலோமீற்றராகும். மேலெழுந்தவாரியாக நோக்கின் இது நியாயமான அளவையே. ஆனால் விளைவு யாது? பாரமான பொருளை நெடுந்தூரம் சுமப்பதே ஆதாயமாயிற்று. அண்மையிலே கிடைக்கும் பொருளைத் தொலைவிலிருந்து கொண்டுவந்தாலும், நேர்வழியை விடுத்துச் சுற்றுவழி சென்றாலும் திட்டத்தின் இலக்கு நிறைவேறிவிடும். போக்குவரத்துப் பகுதியின் கணக்கும் ஓங்கிவிடும். பொருளைப் பெறுபவருக்கு அதனால் யாதொரு நன்மையும் இல்லை. தொழிற்சாலைகளிலும் இதே நிலைமை காணப்பட்டது. சரவிளக்குகளின் உற்பத்தியை எடையால் அளந்தமையால் அழகான விளக்குகளுக்குப் பதிலாகப் பாரமான விளக்குகளே செய்யப்படுகின்றன என்று அந்நாட்டின் தலைவர் குருசேவே 1959ஆம் ஆண்டில் வெளிப்படையாகக் குறைகூற நேர்ந்தது. ஊழியர் சோம்பியிருந்தனர் என்று எவரும் சொல்லமுடியாது. அவர்கள் உழைத்தனர், உழைப்பு முழுவதும் தவறான அளவுகோலின் பின்னே சென்றது.

அதே தொன் என்னும் அளவையை வேறிடத்தில் வேறு வகையாகப் பயன்படுத்தியதால் விளைந்த நன்மையையும் இதனோடு ஒப்புநோக்குதல் தகும். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே மேற்கு பேர்லின் நகருக்குச் செல்லும் தரைவழிகளும் நீர்வழிகளும் அடைக்கப்பட்டன. 20 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு உணவையும் நிலக்கரியையும் விமானங்களிலேயே கொண்டுசெல்லவேண்டிய நெருக்கடி உண்டாயிற்று. அப்பணியை நடத்தும் பொறுப்பு அமெரிக்கத் தளபதி வில்லியம் டனரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கருத்திலே நிறுத்திய கேள்வி ஒன்றே: இன்று பேர்லினில் இறக்கப்பட்டது எத்தனை தொன்? எத்தனை விமானங்கள் புறப்பட்டன என்பதும், விமானிகள் எத்துணைத் துணிவு காட்டினர் என்பதும் அவருக்கு இரண்டாம் பட்சமே.

இந்த அளவுகோல் அவர் பிறப்பித்த கட்டளைகளிலே தெளிவாக வெளிப்பட்டது. 1948 ஆகஸ்ட் 13ஆந் திகதி கடும் மழையில் நகரின் மேலே விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமிட்டுத் தேங்கின. கீழே விபத்துகளும் நேர்ந்தன. அதன்பின், முதன்முறை தரையிறங்கத் தவறிய விமானம் மீண்டும் முயலாது, சுமந்துவந்த பாரத்துடனேயே புறப்பட்ட தளத்துக்குத் திரும்பிவிடவேண்டும் என்று விதித்தார். ஒரு விமானத்தைத் தனியே எடுத்து நோக்கினால் அது வீண் பயணம். ஆனால் அது மறுபடி வட்டமிட்டால் பின்னே வரும் விமானங்கள் அனைத்தும் தடைப்படும். தனியொன்றின் வெற்றியைக் காட்டிலும் நகரிலே இறங்கும் மொத்தத் தொன்னே பெரிதென்பதால் அவ்விதி சரியாயிற்று. இறங்கிய விமானத்தின் ஊழியர் உணவுக்கென நெடுநேரம் விலகிச் செல்வதைத் தடுத்து, சிற்றுண்டி வண்டியையே விமானத்தருகே கொண்டுவரச் செய்தார். இவ்வாறெல்லாம் முயன்றதன் பயனாக 1949 ஏப்ரல் மாதத்தில், ஒரு நாள் எல்லைக்குள் 1,398 விமானப் பறப்புகளில் 12,941 தொன் பொருள்கள் அந்நகரை அடைந்தன. சோவியத் லொறிகளிலும் தொன்னே அளவை. பேர்லின் விமானங்களிலும் தொன்னே அளவை. முன்னையது வழியிலே எண்ணப்பட்டது. பின்னையது சேருமிடத்திலே எண்ணப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே இன்றைய பேச்சின் உட்கருத்தாகும்.

கடல் கடந்த உதாரணங்களை விடுத்து இலங்கையின் மரக்கறிப் போக்குவரத்தை எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை இன்னுந் தெளிவாகும். இந்நாட்டிலே விளையும் பழங்களிலும் மரக்கறிகளிலும் 30 முதல் 40 வீதம் வரை அறுவடையின்பின் வீணாகின்றது என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் மதிப்பீடு. கமக்காரர் மழையையும் வெயிலையும் பொருட்படுத்தாது விளைவித்ததிலே மூன்றிலொரு பங்கு எவர் வயிற்றுக்கும் பயன்படாது போகின்றது. இவ்விழப்பின் பெரும்பகுதி பொதி கட்டும்போதும், ஏற்றி இறக்கும்போதும், வழியிலேயும் நிகழ்கின்றது. கோவாவையும் கரட்டையும் தக்காளியையும் பெருஞ் சாக்குகளில் திணித்து, சாக்கின்மேற் சாக்காக அடுக்கி, அவற்றின்மேல் ஆட்களும் ஏறி அமர்ந்து செல்லும் லொறிகளைத் தம்புள்ளைக்குச் செல்லும் வீதியில் காணாதார் இல்லை.

இதனை மாற்றும் நோக்குடன் 2011ஆம் ஆண்டின் இறுதியிலே மரக்கறிகளையும் பழங்களையும் பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கியே கொண்டுசெல்லவேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிட்டது. வணிகரும் லொறி உரிமையாளரும் கமக்காரரிற் பலரும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர், கட்டாயமும் தளர்ந்தது. எதிர்த்தவர்களை அறியாமையுடையோர் என இகழ்தல் எளிது. ஆனால் அவர்கள் தத்தம் அளவுகோலுக்கு அமையவே நடந்துகொண்டனர். லொறி உரிமையாளர் ஒரு பயணத்தில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று கணக்கிடுகின்றார். பெட்டிகளில் அடுக்கினால் ஏற்றும் நிறை குறையும். திரும்பும்போது வெறும் பெட்டிகள் இடத்தை அடைத்துக்கொள்ளும். கமக்காரருக்குச் சந்தையிலே நிறைக்குத்தான் பணம். நசுங்காத தக்காளிக்கெனத் தனி விலை இல்லை. இடைத்தரகர் நேர்ந்த இழப்பை வாங்கும் விலையிலும் விற்கும் விலையிலும் ஏற்றிவிடுகின்றார். அழுகியதை எண்ணும் பொறுப்பு ஒருவருக்கும் இல்லை. எவரும் எண்ணாத நட்டத்தை எல்லோரும் செலுத்துகின்றனர்.

இதனை ஒரு கணக்கினால் விளக்கலாம். தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவையே. ஒரு லொறியில் சாக்குகளாக அடுக்கி 5,000 கிலோ மரக்கறி ஏற்றப்படுகின்றது எனவும், கிலோ 100 ரூபாவாகக் கொள்வனவு செய்யப்பட்டது எனவும், லொறிக் கூலி 40,000 ரூபா எனவும் கொள்க. ஏற்றிய கிலோ ஒன்றுக்குக் கூலி 8 ரூபா. பெட்டிகளில் அடுக்கினால் 3,500 கிலோவே கொள்ளும். பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு சேர்ந்து கூலி 50,000 ரூபாவாகும். ஏற்றிய கிலோ ஒன்றுக்கு 14 ரூபாவுக்கு மேல். இக்கணக்கோடு நின்றுவிட்டால் சாக்கே சிறந்ததென்று எவரும் தீர்ப்புக் கூறுவர்.

ஆனால் சந்தையிலே இறக்கிய பின்னர் விற்கத் தகுந்ததை மட்டும் எண்ணிப் பார்க்க. சாக்கிலே நாலிலொரு பங்கு பழுதாயின் எஞ்சுவது 3,750 கிலோ. கொள்விலையும் கூலியுமாக 540,000 ரூபா செலவாகியமையால், நல்ல நிலையில் வந்துசேர்ந்த கிலோ ஒன்றின் அடக்கவிலை 144 ரூபா. பெட்டியிலே நூற்றுக்கு ஐந்தே பழுதாயின் எஞ்சுவது 3,325 கிலோ. மொத்தச் செலவு 400,000 ரூபா. கிலோ ஒன்றின் அடக்கவிலை ஏறத்தாழ 120 ரூபா. ஒரே லொறி, ஒரே வீதி, ஒரே பொருள். ஏற்றுமிடத்தில் நின்று அளந்தவருக்குச் சாக்கு இலாபம். இறக்குமிடத்தில் நின்று அளந்தவருக்குப் பெட்டி இலாபம். சட்டத்தினால் பெட்டியைப் புகுத்த முயல்வதற்கு முன்னர், நல்ல நிலையில் வந்துசேர்ந்த கிலோவுக்கே கூலியும் விலையும் என்று அளவுகோலை மாற்றியிருந்தால், லொறி உரிமையாளரே பெட்டியைத் தேடிச் சென்றிருக்கக் கூடும்.

துறைமுகத்தை நோக்கினாலும் இதே பாடம் கிடைக்கின்றது. முற்காலத்தில் கப்பற்சரக்கு மூட்டை மூட்டையாகவும் பெட்டி பெட்டியாகவும் ஏற்றி இறக்கப்பட்டபோது, ஒரு தொழிலாளர் குழு ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தொன் கையாண்டது என்பதே அளவையாக இருந்தது. அந்த அளவையை உயர்த்த எத்தனை பாடுபட்டாலும் கப்பல்கள் நாட்கணக்கிலே கரையில் கிடந்தன. 1956 ஏப்ரல் 26ஆந் திகதி, மல்கம் மக்லீன் என்னும் அமெரிக்க லொறித்தொழிலதிபர், ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 கொள்கலன்களை ஏற்றி நியூவாக்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உதிரிச் சரக்கை ஏற்றுவதற்கு அக்காலத்தில் தொன் ஒன்றுக்கு 5 டொலர் 83 சதம் செலவாயிற்று. அக்கப்பலில் அது 16 சதத்துக்கும் குறைவு எனக் கணக்கிட்டனர். மக்லீன் ஒரு கப்பல்காரரைப்போல் சிந்திக்கவில்லை. சரக்கை அனுப்புவோரின் வாயிலிலிருந்து பெறுவோரின் வாயில் வரை ஆகும் செலவு எவ்வளவு என்று கேட்டார். கேள்வி மாறியவுடன் தொழிலே மாறிவிட்டது.

கொழும்புத் துறைமுகம் இன்று பெருங் கொள்கலன் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்குகின்றது. 2019ஆம் ஆண்டில் இருபதடிக் கொள்கலன் அலகுகளாக எண்ணின் 70 இலட்சத்துக்கு மேல் அங்கே கையாளப்பட்டன. அவற்றுட் பெரும்பான்மை ஒரு கப்பலிலிருந்து இறக்கி மறு கப்பலில் ஏற்றி வேற்று நாடுகளுக்கு அனுப்பப்படுபவை. இப்பணியிலே வாடிக்கையாளர் கப்பற் கம்பனியே. கப்பல் வந்து திரும்பும் நேரம், பாரந்தூக்கி ஒரு மணித்தியாலத்தில் எடுக்கும் கொள்கலன்களின் தொகை ஆகியவை அவருக்குப் பொருத்தமான அளவைகள். ஆனால் மருந்தோ உரமோ துணியோ இறக்குமதி செய்யும் உள்ளூர் வணிகருக்கு இவை மட்டும் போதா. பாரந்தூக்கி மின்னல் வேகத்தில் இயங்கினாலும், அவருடைய கொள்கலன் ஆவணத்துக்காகவும் பரிசோதனைக்காகவும் முற்றத்திலே பல நாள் கிடக்குமாயின் அவ்வேகத்தால் அவருக்கு ஆவதென்ன? கப்பல் வந்த நாளிலிருந்து சரக்கு துறைமுக வாயிலைக் கடக்கும் நாள் வரையுள்ள இடைவெளியே அவருடைய அளவை. ஓரிடத்திலே இருவகை வாடிக்கையாளர் உளராயின் இருவகை அளவுகோல்களும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தல் ஆகாது.

அடுத்து, சராசரி என்னும் மாயையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சரக்கு அனுப்பும் இரு சேவைகள் உள்ளன எனக் கொள்க. முதலாவது சேவையில் சரக்கு என்றும் மூன்றாம் நாளே வந்துவிடும். இரண்டாவதில் சிலவேளை ஒரே நாளில் வரும். சிலவேளை ஆறு நாளாகும். கூட்டிக் கழித்தால் சராசரி மூன்று நாளே. ஏட்டிலே இரண்டும் சமம். கடைக்காரருக்கு அவை சமமல்ல. இரண்டாவது சேவையை நம்பியவர் மிகத் தாமதமான நாளுக்கும் தாங்கக்கூடிய சரக்கைக் கையிருப்பில் வைத்திருக்கவேண்டும். அதற்குப் பணமும் இடமும் வேண்டும். ஆகவே, எத்தனை நாள் என்பதைப் போலவே, சொன்ன நாளில் எத்தனை தடவை என்பதையும் அளத்தல் இன்றியமையாதது.

உலக வங்கி 2007ஆம் ஆண்டு முதல் நாடுகளின் கொண்டுசேர்க்கும் திறனை ஒப்பிட்டு அவ்வப்போது அறிக்கை வெளியிட்டு வருகின்றது. சுங்கம், கட்டமைப்பு, கப்பலனுப்பும் வசதி, சேவையின் தரம், சரக்கு எங்குள்ளதென அறியும் வசதி, காலந்தவறாமை என்னும் ஆறு கூறுகளை அது நோக்குகின்றது. 2023ஆம் ஆண்டு அறிக்கை தந்த செய்தியொன்று கவனிக்கத்தக்கது. ஏற்றுமதி நாட்டின் துறைமுகத்துள் புகுந்த கொள்கலன், சேரவேண்டிய நாட்டின் துறைமுகத்தை விட்டு வெளியேறச் சராசரியாக 44 நாள் செல்கின்றது. அச்சராசரியைச் சூழ்ந்த ஏற்ற இறக்கத்தின் நியம விலகல் 10.5 நாள். வணிகரைத் துன்புறுத்துவது 44 என்னும் எண்ணைக் காட்டிலும் 10.5 என்னும் எண்ணே. நாற்பத்துநாலு நாளுக்கு ஆயத்தஞ் செய்யலாம். அறியாத நாளுக்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்வது?

பணியின் முழுமையை அளப்பதிலும் ஓர் ஏமாற்றம் மறைந்துள்ளது. ஒரு மொத்த விற்பனைக் கம்பனியில் நான்கு பகுதிகள் உள்ளன. சரக்கு குறித்த நேரத்தில் சென்றதா என்று ஒரு பகுதியும், கேட்ட அளவு முழுவதும் சென்றதா என்று இன்னொன்றும், பழுதின்றிச் சென்றதா என்று வேறொன்றும், பற்றுச்சீட்டு பிழையற்றதா என்று நான்காவதும் அளக்கின்றன. ஒவ்வொரு பகுதியும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து புள்ளி பெற்று மகிழ்கின்றது. ஆயினும் ஒரு பிழை மற்றதோடு தொடர்பின்றி நேருமெனின், நான்கிலும் குறையின்றிச் சென்றடையும் கட்டளைகள் நூற்றுக்கு 81 அளவிலேயே இருக்கும். ஐந்து கடைக்காரர்களுள் ஏறத்தாழ ஒருவருக்கு ஏதோவொரு குறை. நான்கு பகுதித் தலைவர்களும் பாராட்டுப் பெறும் அதே மாதத்தில் வாடிக்கையாளர் முறைப்பாடு செய்வதன் மர்மம் இதுவே. குறித்த நேரத்தில், முழு அளவில், பழுதின்றி, பிழையற்ற சீட்டுடன் சென்றடைந்தவை எத்தனை என்று ஒன்றாகச் சேர்த்து எண்ணும் அளவையே உண்மையைச் சொல்லும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். பெறுபவரின் திருப்தியையே நோக்கிக்கொண்டிருந்தால் வியாபாரம் செலவில் மூழ்கிவிடாதா என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஒரு சவர்க்காரக் கட்டிக்கும் தனி லொறி அனுப்பினால் வாடிக்கையாளர் மகிழ்வார்; கம்பனி மூடப்படும். ஆகவே சேவையை அளக்கும் கோலோடு செலவை அளக்கும் கோலும், முடங்கிய முதலை அளக்கும் கோலும் உடன் நிற்றல் வேண்டும். ஓர் ஆண்டில் 120 இலட்சம் ரூபா அடக்கவிலையுள்ள சரக்கை விற்கும் கடையில் சராசரியாக 20 இலட்சம் ரூபாச் சரக்குக் கையிருப்பில் உள்ளதெனின், அது ஆண்டில் ஆறு தடவை சுழல்கின்றது. சுழற்சி எட்டாக உயர்ந்தால் 15 இலட்சம் போதும். ஐந்து இலட்சம் விடுபடும். ஆனால் இச்சுழற்சியையே குறியாகக் கொண்டு இறாக்கைகளை வெறுமையாக்கினால், பால்மா கேட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். ஒவ்வொரு கோலும் மற்றக் கோலின் மிகையைத் தடுக்கவேண்டும். 1992ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான கப்லானும் நோர்ட்டனும் பணக் கணக்கோடு வாடிக்கையாளர் நோக்கையும், உள்வேலையின் ஒழுங்கையும், கற்று வளரும் திறனையும் ஒருங்கே வைத்து நோக்கும் முறையை முன்வைத்ததும் இக்காரணம் பற்றியே.

ஒவ்வொரு பகுதியும் தன் கணக்கையே பார்த்தால் முழுச் சங்கிலியும் குலுங்கும். கொள்வனவு அதிகாரியை விலைக்குறைவால் அளந்தால் மலிவு கிடைத்த நாளில் மலைபோல் வாங்கிக் குவிப்பார். போக்குவரத்து அதிகாரியை லொறியின் நிறைவால் அளந்தால் லொறி நிரம்பும் வரையில் அவசரச் சரக்கும் காத்துக்கிடக்கும். களஞ்சியக் காவலரைக் கையிருப்புக் குறைவால் அளந்தால் தட்டுப்பாடு தோன்றும். அமெரிக்காவின் புரொக்டர் அன்ட் காம்பிள் கம்பனி இதன் விளைவைத் தன் குழந்தை அணையாடை வியாபாரத்திலே கண்டது. குழந்தைகளின் தேவை நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை; கடைகளில் விற்பனையும் சீராகவே இருந்தது. எனினும் விநியோகத்தர் அனுப்பிய கட்டளைகள் ஏறியிறங்கின. கம்பனி தன் மூலப்பொருட்காரருக்கு அனுப்பிய கட்டளைகள் இன்னும் கூடுதலாக ஏறியிறங்கின. கையிலே சிறிது அசைத்தால் நுனியிலே பெரிதும் சுழலும் சவுக்கைப் போன்றது இந்நிலை. 1997ஆம் ஆண்டில் ஹௌ லீ முதலிய ஆராய்ச்சியாளர் இதன் காரணங்களை விளக்கிக் கட்டுரை எழுதினர். மருந்து யாதெனில், கடையிலே உண்மையில் விற்றது எவ்வளவு என்னும் ஒரே எண்ணைச் சங்கிலியிலுள்ள அனைவரும் காண்பதேயாகும்.

இவற்றையெல்லாம் கேட்கும் சிறு வணிகரும் கூட்டுறவுச் சங்கத்தாரும் இவை பெருங் கம்பனிகளுக்கே உரியவை என எண்ணிவிடலாகாது. ஒரு கொப்பியும் பென்சிலும் இருந்தாற் போதும். முதலாவதாக, தம்மிடம் பொருள் பெறுவோர் யாவர், அவர்கள் எதனை எதிர்பார்க்கின்றனர் என்பதை நேரிற் கேட்டறிதல் வேண்டும். மீன் வாங்குபவர் கேட்பது புதுமையை. மருந்து வாங்குபவர் கேட்பது தவறாமையை. சீமெந்து வாங்குபவர் கேட்பது விலைக்குறைவை. எல்லோருக்கும் ஒரே கோல் பொருந்தாது. இரண்டாவதாக, அளவைகள் மூன்றோ நான்கோ போதும். இருபது அளவைகளை வைத்தவர் ஒன்றையும் பார்ப்பதில்லை. மூன்றாவதாக, எண்ணுவதற்கு எளிது என்ற காரணத்தால் ஓர் அளவையைத் தெரிந்தெடுக்கலாகாது. ஓடிய மைல்களை எண்ணுதல் எளிது. திரும்பிச் சென்ற வாடிக்கையாளரை எண்ணுதல் கடினம். ஆயினும் பின்னதே முக்கியம். நான்காவதாக, ஒருவரை அவர் கைக்குள் அடங்கிய கருமத்தைக் கொண்டே அளத்தல் நீதி. வீதி வெள்ளத்தில் மூழ்கிய நாளின் தாமதத்துக்கு லொறிச் சாரதியைத் தண்டித்தல் முறையன்று.

சாரதி என்றதும் இன்னுமொன்று கூறாதிருத்தல் இயலாது. வேகத்தை மட்டும் அளக்கும் கம்பனி உறக்கமற்ற மனிதரை இரவு வீதிகளில் அனுப்புகின்றது. விபத்தின்றி முடிந்த பயணம், சாரதி ஓய்வு பெற்ற மணித்தியாலம், சுமப்பவரின் உடல் தாங்கிய பாரம் ஆகியனவும் கணக்கேட்டிலே இடம்பெறவேண்டும். ஏட்டில் இல்லாத துன்பம் எசமானின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்றியும், அளவையை அச்சுறுத்தும் பிரம்பாக்கினால் மனிதர் வேலையைத் திருத்தாது எண்ணைத் திருத்தத் தொடங்குவர். தாமதமாக வந்த லொறிக்கு நேரத்தை மாற்றி எழுதுவது எத்துணை எளிது! ஓர் அளவை இலக்காக மாறியவுடன் அதன் நம்பகம் குன்றத் தொடங்கும் என்னும் கருத்துக்கு வித்திட்டவர் சார்ள்ஸ் குட்ஹார்ட் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர். 1975இல் அவர் எழுதியதிலிருந்து பிறந்த அக்கருத்து இன்று குட்ஹார்ட் விதி எனப்படுகின்றது. ஆகவே, குறைகளை மறைக்காது எழுதியவரைப் பாராட்டுவதும், ஆண்டுக்கொருமுறை அளவுகோலையே பரிசோதிப்பதும் நிருவாகியின் கடமை. தராசுக்கும் படிக்கற்களுக்கும் முத்திரை பதிப்பிப்பது வழக்கமன்றோ? அதே பரிசோதனை இந்தக் கோல்களுக்கும் வேண்டும்.

கொண்டுசேர்க்கும் பணி என்னும் பெயரிலேயே அதன் அளவுகோல் அடங்கியிருக்கின்றது. கொண்டுசெல்வது பாதி, சேர்ப்பதே முடிவு. எத்தனை லொறிகள் ஓடின, எத்தனை சாக்குகள் ஏறின, எத்தனை பாரந்தூக்கிகள் இயங்கின என்பன யாவும் செல்வதைப் பற்றிய கணக்குகள். அவை தேவையற்றன அல்ல. ஆனால் பெறுபவரின் வாயிற்படியிலே நின்று, சொன்ன நாளில், சொன்ன அளவில், நல்ல நிலையில், தாங்கக்கூடிய விலையில் பொருள் வந்துசேர்ந்ததா என்று கேட்கும் கேள்வியே மற்றெல்லாக் கணக்குகளுக்கும் பொருள் தருவது. அக்கேள்வியை ஒவ்வொரு மாலையும் தவறாது கேட்கும் கடையிலே வாடிக்கையாளர் நிலைப்பர். அதனைக் கேட்கும் சந்தையிலே கமக்காரரின் வியர்வை வீணாகாது.